கொடம்புளி காட்டிய வழி



மருத்துவக் கல்லூரி முதலாண்டின் செய்முறை வகுப்பை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். சோதனைக் குழாயில் சிறுநீர். அது நிறையும் வரை அம்மோனியம் சல்பேட். நைட்ரோபுருசைடு சில துளிகள். குழாயைச் சாய்த்து ஓரமாக அம்மோனியாவை விட்டால், இரண்டும் தொடும் இடத்தில் ஊதா வளையம் எழும். சிறுநீரில் கீட்டோன் இருப்பதைக் காட்டும் ரொத்தேரா சோதனை இது. வளையத்தைக் கண்டதும் 'சர்க்கரை நோய் அல்லது பட்டினி' என்று எழுதுகிறோம். நான் அப்படித்தான் கற்றேன். பல ஆண்டுகள் அப்படித்தான் கற்பித்தேன்.

ஆனால் தாயிடம் பால் குடித்துக் கொழுகொழுவென்று வளரும் எலிக்குட்டியின் இரத்தத்திலும் கீட்டோன் மிகுதி. அதற்கு நோயுமில்லை, பசியுமில்லை. எலிப்பாலில் கொழுப்பு அதிகம். குட்டியின் கல்லீரல் அதைச் சிதைத்துக் கீட்டோனாக அனுப்புகிறது. அதே வாரங்களில்தான் மூளை தன் நரம்பிழைகளுக்கு மையலின் உறை போர்த்துகிறது. அந்த உறையின் உலர் எடையில் 70 விழுக்காடோ அதற்கு மேலோ கொழுப்புப் பொருள்களே. இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் மூளைக்குள் நுழைவதில்லை. வேண்டியதை மூளை தானே செய்துகொள்ள வேண்டும். அதற்கான கார்பன் எங்கிருந்து வருகிறது?

1971இல் ஆக்ஸ்ஃபோர்டில் கிரெப்ஸ் குழுவினர், பால்குடிக் குட்டிகளின் மூளையில் கீட்டோனைக் கையாளும் நொதிகளை அளந்தனர். எரிபொருளாக அது பயன்படுவது தெளிவாயிற்று. கட்டுமானப் பொருளாகவும் ஆகிறதா என்பதே அடுத்த கேள்வி.

அதற்கு விடை தேட உதவியது, நம் மீன் குழம்பில் கிடக்கும் கொடம்புளி என்பதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. அதன் முதன்மையான அமிலம் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் என்று 1965இல் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் லூயிஸும் நீலகண்டனும் காட்டினர். குளுக்கோஸ் கொழுப்பாக வேண்டுமானால், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய், சிட்ரேட்டாக வெளியே வந்து, சைட்டோசாலில் உடைபட வேண்டும். உடைக்கும் நொதி சிட்ரேட் லையேஸ். கொடம்புளி அமிலம் அதைத் தடுத்துவிடும்.

1976இல் பட்டேலும் ஓவனும் ஒரு வார வயது எலிகளின் மூளைத் துண்டுகளில் அந்த அமிலத்தைச் சேர்த்துப் பார்த்தனர். குளுக்கோஸிலிருந்து கொழுப்பு உருவாவது வெகுவாகக் குறைந்தது. கீட்டோன்களில் ஒன்றான பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட்டிலிருந்தும் குறைந்தது. இன்னொரு கீட்டோனான அசிட்டோஅசிட்டேட்டோ அசையவே இல்லை. அதற்குச் சிட்ரேட் பாதையே தேவையில்லை. சைட்டோசாலில் அசிட்டோஅசிட்டைல் கோஏ சிந்தடேஸ் என்ற நொதி, ஏடிபி செலவில், அதை அங்கேயே அசிட்டோஅசிட்டைல் கோஏவாக மாற்றிவிடுகிறது. தயோலேஸ் அதை இரண்டாகப் பிளந்தால் கொழுப்பு அமிலத்துக்கான அசிட்டைல் கோஏ. பிளக்காமல் இன்னொரு அசிட்டைல் கோஏவோடு சேர்ந்தால் கொலஸ்ட்ராலுக்கான பாதை.

ஆகவே, 'கீட்டோன்கள்' என்று ஒரே மூச்சில் சொல்வது நம்மை ஏமாற்றுகிறது. பெயர் ஒன்றானாலும், வளரும் மூளையில் கொழுப்பாகும்போது இரண்டும் வெவ்வேறு வாசல் வழியே போகின்றன. ரொத்தேரா வளையமும் அசிட்டோஅசிட்டேட்டையும் அசிட்டோனையும்தான் காட்டும். பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் எவ்வளவு இருந்தாலும் ஊதா தோன்றாது.

வயதைச் சொல்லாமல் விடுவதும் அப்படியே ஏமாற்றும். அந்த அசிட்டோஅசிட்டைல் கோஏ சிந்தடேஸ் பால்குடிப் பருவ மூளையில் ஓங்கியிருந்து, வளர்ந்த மூளையில் தாழ்ந்துவிடுகிறது. வளர்ந்த விலங்கின் அளவுகளை வைத்துக் குட்டியைப் பற்றிப் பேசும் கட்டுரைகள் இன்னும் வருகின்றன. அது எனக்கு வருத்தமே.

இன்று கட்டுரை வாசிக்கும் இளையவர்களிடம் ஒரு வேண்டுகோள். அளந்தது இரண்டு கீட்டோன்களில் எது, குட்டிக்கு எத்தனை நாள், நொதி மைட்டோகாண்ட்ரியாவினதா சைட்டோசாலினதா — இந்த மூன்றையும் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். கேள்விகளை நாங்கள் அங்கிருந்து தொடங்குகிறோம். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.