கல்வராயன் மலையிறக்கமும் ‘டொக் டொக்’ சத்தமும்: முன்பக்க சஸ்பென்ஷனுக்குக் காசு போடலாமா?

சில வாரமா ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்துட்டு இருக்கு. “டர்போ பெட்ரோல் வண்டி வெச்சிருக்கேன். முன்பக்கம் ஆஃப்டர்மார்க்கெட் சஸ்பென்ஷன் போட்டா வளைவுல நல்லா நிக்குமா? காசுக்கு வொர்த்தா?” சிலது வொர்த், சிலது தண்டம், சிலது ஆபத்து. எது எதுன்னு நான் தெரிஞ்சுக்கிட்ட கதை கொஞ்சம் அசிங்கமானது. இருந்தாலும் அதையே சொல்லிடறேன்.

எனக்கு சொந்த ஊர் கள்ளக்குறிச்சி. 2019-ல விழுப்புரத்துல இருந்து பிரிஞ்சு தனி மாவட்டம் ஆச்சே, அதேதான். ஊர்ல இருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணைப் பக்கம் தாண்டினா கல்வராயன் மலை ஏற ஆரம்பிக்கும். கரியாலூர், வெள்ளிமலைன்னு மேல போகும். சென்னையில வேலைக்குப் போய் முதல்ல வாங்கின கார், 70,000 கிலோமீட்டர் ஓடின செகண்ட் ஹேண்ட் டர்போ ஹேட்ச்பேக். அந்த மலைரோட்டுல அதை ஓட்டணும்னு ரொம்ப நாள் ஆசை.

ஆசைக்கு நான் செஞ்ச ஏற்பாடு இதுதான். வண்டியை 35 மில்லிமீட்டர் இறக்குற லோயரிங் ஸ்பிரிங் போட்டேன். லோயர் ஆர்ம் புஷ் கிழிஞ்சிருக்குன்னு சொன்னாங்க. அதுக்கு ஆன்லைன்ல கிடைச்சதுலயே விலை குறைஞ்ச லோயர் ஆர்ம் ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன். ஷாக் அப்சார்பர் பழசுதான், அப்படியே விட்டுட்டேன். போட்டோல வண்டி செம்மயா இருந்துச்சு.

அந்த வளைவு

ஆறு மாசம் கழிச்சு அப்பாவைக் கூட்டிக்கிட்டு வெள்ளிமலை போனேன். ஏறும்போது ஒண்ணும் தெரியல. இறங்கும்போது சின்னச் சின்ன மேடு பள்ளத்துல ‘டொக் டொக்’னு ஒரு சத்தம். பாட்டு சவுண்டைக் கூட்டி வெச்சேன்.

ஒரு இடதுபக்க வளைவு. பிரேக் பிடிச்சுக்கிட்டே திருப்புறேன். வலது முன்சக்கரம் பெயர்ந்த தார்ல இறங்குச்சு. ‘டங்’குனு ஒரு அடி. ஸ்டீயரிங் திருப்பினபடிதான் இருக்கு, வண்டி மட்டும் நேராப் போகுது. எதிர்ல பஸ் ஏறி வருது. அந்த டிரைவர் சட்டுனு நிறுத்தினதால நான் இன்னைக்கு உங்ககிட்ட பேசிட்டு இருக்கேன். ரெண்டு வண்டிக்கும் நடுவுல ஒரு கை அகலம்தான் இருந்துச்சு.

அப்பா திட்டல. கதவு மேல இருக்குற கைப்பிடியைப் பிடிச்ச கையை ஊர் வர்ற வரைக்கும் எடுக்கல. அடுத்த தடவை மலைக்குப் போகலாமான்னு கேட்டப்போ, “நீ போடா, நான் பஸ்ல வந்துடறேன்”னார்.

மறுநாள் கள்ளக்குறிச்சியிலயே ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட விட்டேன். முன்பக்கம் ஜாக்கி வெச்சுத் தூக்கி, சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினார். லூசா ஆடுச்சு. “தம்பி, இந்தப் பால் ஜாயிண்ட் கழண்டா சக்கரம் அப்படியே மடங்கிடும், தெரியும்ல?”னு கேட்டார். ரப்பர் உறை கிழிஞ்சு, உள்ள மண்ணு. பழைய பார்ட்டைக் கழட்டி எறிஞ்சுட்டு, அதைவிட மோசமானதைக் காசு குடுத்து வாங்கி மாட்டியிருக்கேன்.

உள்ள என்ன நடந்துச்சு?

நம்ம ஊர் ஹேட்ச்பேக் கிட்டத்தட்ட எல்லாத்துலயும் முன்னாடி இருக்கறது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்ஃபர்சன்ங்கிற அமெரிக்க இன்ஜினியர் 1940-கள்ல வடிவமைச்சது. மேல ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஒரே தூண். கீழ ஒரு லோயர் ஆர்ம். ஆர்மோட ஒரு நுனியில சக்கரத்தைப் பிடிக்குற பால் ஜாயிண்ட், இன்னொரு பக்கம் பாடியோட சேர்க்குற ரப்பர் புஷ். செலவு கம்மி, இடமும் கம்மி.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. வண்டியை இறக்கினா சாயாதுன்னு நினைக்கிறோம். ஆனா இறக்கும்போது லோயர் ஆர்ம் சக்கரப் பக்கம் மேல தூக்கி நிக்கும். வண்டி எந்தப் புள்ளியைச் சுத்திச் சாயுதோ, அதை ரோல் சென்டர்னு சொல்வாங்க. வண்டியோட எடை மையம் இறங்குறதைவிட அது அதிகமா இறங்கிடும். ரெண்டுக்கும் நடுவுல தூரம் கூடுறதால, வண்டியைச் சாய்க்குற விசையும் கூடுது. அதைச் சமாளிக்க ஸ்பிரிங் இன்னும் இறுக்கமா வேணும். அவ்வளவு இறுக்கமான ஸ்பிரிங்கை என் பழைய ஷாக்கால அடக்க முடியல.

இன்னொண்ணு, சஸ்பென்ஷன் அமுங்குறதுக்கான இடம். 35 மில்லிமீட்டர் இறக்கினப்போ அந்த இடத்தையும் நான் தின்னுட்டேன். மலையிறக்கத்துல பிரேக் பிடிச்சா எடை முழுக்க முன்னாடி வரும். வளைவுல வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகும். ஏற்கெனவே அமுங்கி இருந்த ஸ்ட்ரட், பள்ளத்துல பம்ப் ஸ்டாப்புல போய் முட்டிருச்சு. அந்த நொடியில அங்க சஸ்பென்ஷனே இல்லைன்னு வெச்சுக்கோங்க. டயர் பிடி விட்டுச்சு.

அப்ப எதை வாங்கலாம்?

ஆஃப்டர்மார்க்கெட்னாலே டூப்ளிகேட் இல்ல. கார் கம்பெனிக்கே பார்ட்ஸ் செஞ்சு குடுக்குறவங்க, தங்களோட சொந்தப் பேர்லயும் விப்பாங்க. ஜெர்மன் கார்களுக்கு லெம்ஃபோர்டர் அப்படி. நம்ம பக்கம் ஸ்டீயரிங், பால் ஜாயிண்ட் வகைக்கு ரானே, ஷாக்குக்கு கேப்ரியல்னு இருக்காங்க. தேய்ஞ்ச பார்ட்டுக்குப் பதிலா இப்படிப்பட்ட தயாரிப்பாளரோட, உங்க வண்டிக்கான அதே அளவு பார்ட்டைப் போடுறது நூத்துக்கு நூறு வொர்த். 70,000 கிலோமீட்டர் ஓடின வண்டியில புஷ், பால் ஜாயிண்ட், ஸ்ட்ரட் மவுண்ட், லிங்க் ராடு, ஷாக் எல்லாம் புதுசாப் போட்டு அலைன்மெண்ட் பாருங்க. ‘பெர்ஃபாமன்ஸ்’ங்கிற பேர்ல நீங்க தேடுறதுல பாதி அதுலயே கிடைச்சிடும்.

அடுத்தது டயர். ரோட்டைத் தொடுறது அது மட்டும்தான். நல்ல டயர் இல்லாம மேல எதை மாத்தினாலும் வேலைக்கு ஆகாது.

அதுக்கு மேலயும் ஆசை இருந்தா, பில்ஸ்டீன், கோனி மாதிரி பேர் தெரிஞ்ச கம்பெனியோட ஷாக். உயரத்தை மாத்தாம வாங்கலாம். விலை கடிக்கும், ஆனா வித்தியாசம் கையில தெரியும். பாலியூரித்தேன் புஷ் போட்டா ஸ்டீயரிங் கூர்மையாகும். பதிலுக்கு அதிர்வும் சத்தமும் உள்ள வரும். தினமும் ஆபீஸ் போற வண்டிக்கு நான் போட மாட்டேன்.

கேம்பர் பிளேட், உயரம் மாத்துற காயில்ஓவர் இதெல்லாம் டிராக்குக்கு. மெக்ஃபர்சன்ல வண்டி சாயும்போது டயர் வெளி ஓரத்துல நிக்கப் பார்க்கும். அதனால ரேஸ் ஓட்டுறவங்க சக்கரத்தோட மேல்பக்கத்தை முன்கூட்டியே உள்ள சாய்ச்சு வெப்பாங்க. இருங்காட்டுக்கோட்டையிலயோ, கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலயோ லேப் நேரம் பார்க்குறவங்களுக்கு அது தேவை. மத்தவங்களுக்கு அதனால டயரோட உள் ஓரம்தான் தேயும்.

கூடவே கூடாதது மூணு: ஸ்பிரிங்கை வெட்டுறது, பழைய ஷாக்குல லோயரிங் ஸ்பிரிங், பேர் தெரியாத பால் ஜாயிண்ட்.

சட்டத்தையும் சொல்லிடறேன். கம்பெனி குடுத்த அளவை அனுமதியில்லாம மாத்துறது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-க்கு எதிரானது. 2019 திருத்தத்துல வந்த 182ஏ-படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறை, இல்ல ரெண்டுமே போடலாம்.

மாட்டும்போது கவனிங்க

அந்த அண்ணன் சொல்லிக் குடுத்ததுல நான் மறக்காதது ஒண்ணு. லோயர் ஆர்மோட ரப்பர் புஷ் போல்ட்டை, சக்கரம் அந்தரத்துல தொங்கும்போது கடைசி டைட் வைக்கக் கூடாது. வண்டி எடை சக்கரத்து மேல இருக்கும்போதுதான் டைட் பண்ணணும். இல்லன்னா ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும். நல்ல பார்ட்டும் இப்படிக் கெட்டுப் போகும். பக்கத்துல நின்னு பாருங்க. ஷாக், ஸ்பிரிங் ஜோடியாத்தான் மாத்தணும். முடிஞ்சதும் அலைன்மெண்ட்.

வீட்லயே ஒரு செக் பண்ணலாம். சமதளத்துல, ஜாக்கியோட ஸ்டாண்டும் வெச்சு முன்சக்கரத்தைத் தூக்குங்க. மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா ஆட்டம் தெரியுதா? பால் ஜாயிண்ட் இல்ல பேரிங். இடமும் வலமும் ஆடுதா? டை ராடு பக்கம் பாருங்க. ஸ்ட்ரட்ல எண்ணெய் வழிஞ்சிருக்கா? ஷாக் முடிஞ்சது.

நான் கம்பெனி உயரத்துக்கே திரும்பிட்டேன். புது ஸ்பிரிங், ஷாக், லோயர் ஆர்ம், டயர். முதல்லயே ஒழுங்கா செஞ்சிருந்தா ஆகியிருக்குற செலவைவிட அதிகம்தான். வண்டி இப்போ போட்டோல சாதாரணமா இருக்கு. மலையில எங்க வெச்சாலும் அங்க நிக்குது. வேகமும் குறைச்சுட்டேன். மரவள்ளி ஏத்தி வர்ற லாரிக்கும், ஸ்கூல் விட்டு நடந்து வர்ற பசங்களுக்கும் இருக்கறது அந்த ஒரே ரோடுதான்.

போன பொங்கலுக்கு அப்பா மறுபடி ஏறினார். கரியாலூர் தாண்டி இறங்கும்போது பக்கத்துல திரும்பிப் பார்த்தேன். கை மடியில இருந்துச்சு. “என்னடா, சத்தத்தைக் காணோம்?”னு மட்டும் கேட்டார்.

உங்க வண்டியில ‘டொக் டொக்’ கேக்குதா? பாட்டு சவுண்டைக் கூட்டாதீங்க. இந்த வாரமே தூக்கிப் பாருங்க. என்ன கிடைச்சதுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பிரேக் பத்திப் பேசலாம். பார்த்து ஓட்டுங்க மக்களே.