மதகும் மனுவும்



இச் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவிலே ஊராட்சி என்னும் பொருள்பற்றிப் பேசவேண்டுமென்று நிலையத்தார் பணித்தபொழுது, வல்வெட்டித்துறையின் பெருமைகளை விரித்துரைக்க வல்லார் இம்மேடையிலே பலர் இருக்க, அவர்களுக்குரிய பொருளில் நான் கைவைக்காதிருப்பதே நியாயமென்று துணிந்தேன். 1938ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்த அன்னபூரணிக் கப்பலின் கதையையும், 1971ஆம் ஆண்டிலே பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து மீண்டும் நீந்தியே ஊர் வந்து சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தனின் கீர்த்தியையும் இவ்வூர்க் குழந்தைகள் நன்கறியும். நான் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. ஓர் ஒழுங்கையிலே எரியாத விளக்கு, மாரி மழையில் அடைபட்டுப்போன ஒரு மதகு, அவற்றைக் குறித்து ஒருவர் நகரசபைக்கு எழுதும் ஒரு மனு: இவ்வளவே.

உள்ளூராட்சியைப் பற்றிப் பேச எழுந்தவர் யாவரும் முதலில் உத்தரமேரூருக்கு ஒரு முறை யாத்திரை போய்வருவது நம் மேடைகளின் சம்பிரதாயமாகிவிட்டது. நானும் போகிறேன், ஆயின் குடவோலைத் தேர்தல் முறையைத் தொடாமல் வந்துவிடுகிறேன். முதலாம் பராந்தக சோழன் காலத்து அக்கல்வெட்டுகளிலே என் மனத்தைக் கவர்ந்தது, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவனும் அவனுடைய உறவினரும் மறுபடி தெரிவுக்கு நிற்றலாகாது என்ற விதியே. பொதுக்காரியத்தில் தலையிட்டவன் எதைச் செய்தான், எதைச் செய்யாது விட்டான் என்பதை எழுத்திலே காட்டக் கடமைப்பட்டவன் என்ற கொள்கை, கொழும்புக்கும் கண்டிக்கும் 1865ஆம் ஆண்டிலே மாநகரசபைகளை அமைத்த ஆங்கிலேயர் நமக்குக் கற்பித்த புதுமையன்று. இன்று நம் நகரசபை நடைபெறுவதற்கு ஆதாரமாயிருப்பது 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க நகரசபைகள் கட்டளைச் சட்டம். வீதி, வடிகால், சந்தை, மயானம், குப்பை, பொதுச் சுகாதாரம் முதலாக அன்றாட வாழ்வுக்கு இன்றியமையாதவற்றையெல்லாம் அச்சட்டம் சபையின் பொறுப்பாக வைத்திருக்கிறது.

இனி மதகுக்கு வருவோம். ஐப்பசி கார்த்திகையிலே வாடைக்காற்றோடு வந்து கொட்டும் மழை, ஒழுங்கைகளிலே திரண்டு வடக்கு நோக்கி ஓடிக் கடலிற் சேரவேண்டுமாயின், கடலோரமாகச் செல்லும் பிரதான வீதியை எங்கேனும் ஓரிடத்திலே கடந்துதான் ஆகவேண்டும். அந்த ஒரே நீருக்கு எத்தனை அதிபதிகள் இருக்கிறார்கள் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஒழுங்கையிலும் அதன் ஓரத்து வாய்க்காலிலும் ஓடும்வரை அது நகரசபையின் நீர். பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியின் கீழே மதகுக்குள் நுழைந்தவுடன் அது வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் நீர். மதகைவிட்டு வெளிப்பட்டு மணலில் விழுந்ததும் அது கரையோரம் பேணும் திணைக்களத்தின் எல்லைக்குள்ளே போய்விடுகிறது. எங்கும் போகாது தேங்கி நின்று நுளம்பு பெருகிவிட்டதோ, அப்பொழுது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து, வளவைத் துப்புரவாக வைத்திராத வீட்டுக்காரருக்கு எச்சரிக்கை கொடுப்பார். விளக்கின் கதையும் இதற்கு இளைத்ததன்று: கம்பம் மின்விநியோக நிறுவனத்துடையது, அதிலே தொங்கும் விளக்கைப் பராமரிப்பது நகரசபை. வீட்டு வாசலிலே முழங்காலளவு வெள்ளத்தில் நிற்கும் ஒரு தாய்க்கு இந்த எல்லைக் கோடுகள் ஒன்றும் தெரியா, தெரிந்திருக்கவேண்டிய அவசியமுமில்லை. அவர் அறிந்தது ஒரு வாசல். அது நகரசபையின் வாசல். அங்கே போய் நின்றவரிடம், இது எங்களுடைய காரியமன்று என்று சொல்லி அனுப்பிவிடுவது சட்டப்படி சரியாயிருக்கலாம். ஆயின், அவருடைய மனுவைப் பெற்று, இன்ன திணைக்களத்துக்கு இன்ன தேதியில் அனுப்பியுள்ளோம் என்று எழுதி ஒரு பிரதியைக் கையில் கொடுப்பதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை. எந்த ஊரின் சபையாயினும், அது தன் வரவு செலவுத் திட்டத்தை எத்துணைச் சாதுரியமாக நிறைவேற்றினாலும், இந்த ஒன்றில் தவறுமாயின் அதனைச் சிறந்த சபையென்று ஒப்புக்கொள்ள என் மனம் இடங்கொடாது.

குறை ஒரு பக்கத்திலே மாத்திரம் இல்லை. நம்மவர் மனு எழுதும் முறை எது? கலியாண வீட்டிலே பந்திக்கு எழும்பும் நேரத்தில், வட்டார உறுப்பினரின் தோளிலே கைவைத்து, “தம்பி, எங்கடை ஒழுங்கை லைற் எரியேல்லை, ஒருக்காச் சொல்லிவிடும்” என்பார் ஒருவர். “ஓம் அண்ணை, நாளைக்குப் பாப்பம்” என்பார் அவர். அந்த நாளை வாராது. வந்தாலும் கேட்டவரின் ஒழுங்கைக்கு வரும், கேட்க வாயில்லாதவரின் ஒழுங்கைக்கு வாராது. உறுப்பினரை நான் நோகவில்லை. அவர் தலையிலே ஊரார் அத்தனைபேரும் ஏற்றிவைக்கும் பாரத்தை எந்த மனிதனும் ஞாபகத்திலே தாங்கமுடியாது. சோலைவரியைக் கட்டிப் பற்றுச்சீட்டை வாங்கி அலுமாரிக்குள் பத்திரப்படுத்தும் நாம், கோரிக்கைக்கு மாத்திரம் பற்றுச்சீட்டுக் கேட்பது மரியாதைக் குறைவென்று எண்ணுவது விசித்திரமே.

இங்கே சிலருக்கு உவப்பில்லாத ஒரு வார்த்தையையும் சொல்லவேண்டியிருக்கிறது. சித்திரைப் பௌர்ணமியன்று இந்திரவிழா இரவிலே நம் வீதி முழுவதும் தீபாலங்காரத்தால் பகலாகிவிடுகிறது. தைப்பொங்கலன்று பட்டத் திருவிழாவுக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் சனங்கள் வந்து உதயசூரியன் கடற்கரையிலே குவிகின்றனர். புலம்பெயர்ந்து வாழும் நம் சகோதரர்களின் தாராள சிந்தை இல்லாவிடின் இவ்வூரிலே பல நற்காரியங்கள் நடந்திரா. அவர்களை நிந்திப்பது நன்றி கொன்ற பாவமாகும். எனினும், தருமத்துக்குக் கொடுப்பவர் தம் கண்ணுக்குப் புலப்படுவதற்கே கொடுப்பர் என்பது மனித சுபாவம். மண்டபத்துக்கும் வளைவுக்கும் உபயகாரர் உண்டு. மதகுக்குள்ளே சேர்ந்த சேற்றை வாருவதற்குக் கல்வெட்டு நாட்டி உபயம் செய்தவரை நான் எங்குங் கண்டதில்லை. உபயத்தால் நடவாத காரியங்களுக்காகவே வரி என்று ஒன்று ஏற்பட்டது. சபை செய்யவேண்டியதைக் கொடையாளியிடம் கேட்டு வாங்கிப் பழகிவிட்டோமாயின், வெளிநாட்டிலே உறவினர் இல்லாத வீட்டுக்காரரின் ஒழுங்கை என்றைக்கும் இருட்டாகவே கிடக்கும்.

சபையே இல்லாதிருந்த காலங்களையும் நாம் அறிவோம். யாழ்ப்பாண மாவட்டத்திலே 1998ஆம் ஆண்டு தை மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றபின், நகரசபைகளுக்கு அடுத்த தேர்தல் 2011ஆம் ஆண்டு ஆடியிலேதான் வந்தது. அண்மையிலும், 2023ஆம் ஆண்டு பங்குனியிலே நாட்டின் பெரும்பாலான சபைகளின் ஆயுள் முடிந்துபோக, 2025ஆம் ஆண்டு வைகாசித் தேர்தல்வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் எவருமின்றி உத்தியோகத்தர்களே நிருவாகம் நடத்தினர். உறுப்பினரின் ஞாபகத்தை நம்பியிருந்த மனுக்களெல்லாம் உறுப்பினரோடு வீட்டுக்குப் போயிருக்கும். கொப்பியிலே எழுதப்பட்டது மாத்திரம் காரியாலயத்தில் நிலைத்திருக்கும்.

ஆதலால் நான் கேட்பது ஒரு கொப்பி. காரியாலயத்தின் முன்மேசையிலே எவரும் புரட்டிப் பார்க்கத்தக்கதாய் அது இருக்கட்டும். மனுவின் இலக்கம், பெற்ற தேதி, விஷயம், யாரிடம் ஒப்புவிக்கப்பட்டது, கொடுக்கப்பட்ட மறுமொழி என்பவற்றை அதில் எழுதலாம். பணமில்லை என்பதும் மறுமொழிதான். அடுத்த வருஷம் என்பதும் மறுமொழிதான். மனுதாரரின் பெயரும் விலாசமும் வேறொரு புத்தகத்தில் இருந்தால் அயலவர் பகைக்கு இடமில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, ஒரு பிரஜை தகவல் கேட்டு விண்ணப்பித்தால், கொடுப்பதா மறுப்பதா என்ற தீர்மானத்தைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் அறிவிக்க அலுவலகம் கடமைப்பட்டிருக்கிறது. கேட்டால் கொடுத்தே தீரவேண்டியதைக் கேளாமலே மேசையில் திறந்துவைத்தால், உத்தியோகத்தருக்கும் கடிதம் எழுதும் வேலை குறையும்.

இவ்வாறான ஒரு பதிவேட்டை ஏற்படுத்தவும், மாதாந்தக் கூட்டத்திலே மறுமொழி பெறாத மனுக்களை மாத்திரம் வாசிக்கவும் வேண்டுமென்ற பிரேரணையொன்றை எழுதி அக்கிராசனாதிபதி அவர்களிடம் சற்று முன்னர் ஒப்புவித்திருக்கிறேன். நகரசபை உறுப்பினர் சிலர் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பிரேரிக்க, மற்றொருவர் ஆமோதித்தால் அடுத்த கூட்டத்துக்கே அதனை எடுத்துச் செல்லலாம்.