பாட்டியின் மொழியும் பேரனின் புத்தகமும்

ஒரு சமூகத்தின் கடந்த காலத்தை அறிய விரும்புவோர் அரசாங்க ஏடுகளைப் புரட்டுவர். அச்சமூகம் தன் பிள்ளைகளுக்கு எதனைக் கையளிக்க விரும்புகின்றது என்பதை அறிய விரும்புவோரோ அதன் சிறுவர் நூல்களைப் புரட்டல் வேண்டும். அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள லூசியானா மாநிலத்துக் கேஜன் மக்களின் சிறுவர் நூல்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

கேஜன் என்பது அக்கேடியன் என்னும் சொல்லின் திரிபு. பிரான்சிலிருந்து சென்று, இன்று கனடாவின் நோவா ஸ்கோஷியா எனப்படும் பகுதியிற் குடியேறிய உழவரே இவர்களுடைய முன்னோர். அந்நிலம் பிரித்தானியர் வசமான பின்னர், நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் செய்ய அவர்கள் மறுத்தனர். ஆதலால் 1755ஆம் ஆண்டு தொடக்கம் அவர்கள் கப்பல்களில் ஏற்றப்பட்டு நாடு கடத்தப்பட்டனர், குடும்பங்கள் சிதறுண்டன. 1760களின் நடுப்பகுதியிலிருந்து அவர்களுள் ஒரு சாரார் லூசியானாவின் சதுப்பு நிலங்களையும், 'பாயு' எனப்படும் மெல்லென ஓடும் நீரோடைகளின் கரைகளையும் அடைந்தனர். நிலத்தை இழந்தவர்களிடம் மொழி எஞ்சியிருந்தது; மொழியோடு கதையும் எஞ்சியிருந்தது.

அக்கதைகளுள் பெரிதும் விரும்பப்பட்டவை லப்பான், பூக்கி என்னும் இருவரைப் பற்றியவை. லப்பான் தந்திரம் மிக்க முயல். அது பிரெஞ்சுச் சொல். பூக்கி எப்போதும் ஏமாறுகின்ற பேராசைக்காரன். அப்பெயரோ பிரெஞ்சன்று. மேற்கு ஆபிரிக்காவின் வொலொவ் மொழியிற் கழுதைப்புலியைக் குறிக்கும் சொல் அது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்கள் தம்முடன் கொணர்ந்த கதைகள் கேஜன் மக்களின் அடுப்பங்கரையிலும் இடம்பெற்றன. கழுதைப்புலியே இல்லாத நாட்டில் அதன் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நீர் திருடிப் பிடிபட்ட முயல், "எதுவும் செய்யுங்கள், முட்புதரில் மாத்திரம் எறிந்துவிடாதீர்கள்" என்று கெஞ்சுகின்றது. பகைவர் அதனை முட்புதரிலேயே எறிகின்றனர். தான் பிறந்த இடம் அதுவேயெனக் கூறிச் சிரித்துக்கொண்டு அது ஓடிவிடுகின்றது. வலியோரிடையே வாழ நேர்ந்த எளியோர் இக்கதையை விரும்பிக் கேட்டமையில் வியப்பில்லை.

ஆயினும் கதை சொல்லும் நாவுக்கே ஒரு காலத்தில் தடை வந்தது. 1921ஆம் ஆண்டின் லூசியானா அரசியலமைப்பு, அரசாங்கப் பள்ளிகளில் ஆங்கிலமே போதனா மொழி என விதித்தது. ஆங்கிலம் அறியாது வகுப்புக்கு வந்த பிள்ளைகள், தாய்மொழியாகிய பிரெஞ்சைப் பேசியமைக்காகத் தண்டிக்கப்பட்டனர். இனிப் பேசமாட்டேன் எனப் பலமுறை எழுதும்படி பணிக்கப்பட்டோரும் முழந்தாளில் நிறுத்தப்பட்டோரும் உளர். அவர்கள் வளர்ந்து பெற்றோரானபோது, தம் பிள்ளைகளுக்கு அவ்வவமானம் நேராதிருக்க வேண்டுமென எண்ணி அவர்களோடு ஆங்கிலத்திலேயே பேசினர். இவ்வாறு பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே மொழிப்பாலம் அறுந்தது.

அறுந்த பாலத்தைச் சீர்செய்யும் பணியிற் சிறுவர் நூல்களும் பங்குகொண்டன. 1943இல் லோயிஸ் லென்ஸ்கி எழுதிய 'பாயு சூசெட்' வெளியாரொருவர் பரிவோடு வரைந்த சித்திரம். உள்ளூர்ப் பத்திரிகையாளரான மேரி அலிஸ் ஃபொன்ரெனோ 1960களில் தொடங்கிய குளோவிஸ் வரிசை அம்மண்ணிலேயே முளைத்தது. சிங்கிறாலைப் போன்ற சிறு நன்னீர் உயிரொன்றே அதன் நாயகன். ஆங்கில நடையிடையே பிரெஞ்சுச் சொற்கள் பொருளோடு வந்து சிறுவர் நாவில் அமர்கின்றன. 1968இல் மாநில அரசு பிரெஞ்சு மொழி வளர்ச்சிக்கென ஒரு சபையை நிறுவியது. தண்டித்த பள்ளிக்குள்ளேயே அம்மொழி பாடமாகத் திரும்பியது. 1997இல் ஷரன் ஆர்ம்ஸ் டூசே, லப்பானின் காதுகள் நீண்ட கதையைச் சிறுவர்க்கு நூலாக்கினார். 2001இல் வெளிவந்த மைக் ஆர்ட்டெலின் 'பெற்றீற் றூஜ்' நூலிற் சிவப்புத் தொப்பிச் சிறுமி வாத்தாகவும் ஓநாய் முதலையாகவும் மாறிவிடுகின்றன.

இந்நூல்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே அமைந்தவை. சில, கேஜன் மக்களின் ஆங்கில உச்சரிப்பை அவ்வாறே எழுதி நகைச்சுவை விளைவிப்பன. அம்மக்களோடு சேர்ந்து சிரிப்பது வேறு. அவர்களைப் பார்த்துச் சிரிப்பது வேறு. நூலைத் தெரிந்தெடுக்கும் ஆசிரியர் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும்.

நூல் கதையைக் காக்கும். மொழியைக் காப்பது வாய். பேரன் தன் புத்தகத்திற் கண்ட ஒரு பிரெஞ்சுச் சொல்லின் பொருளைப் பாட்டியிடம் சென்று கேட்பானாயின், நெடுங்காலம் வாய் மூடியிருந்த அம்மூதாட்டி மீண்டும் பேசத் தொடங்குவாள். அந்நூலின் பெரும்பயன் அதுவேயாம்.