வயிற்றில் வளர்ந்த நீர்க்கட்டி

(அறக்கட்டளையின் விழாவில் நிகழ்த்திய உரை)

 

முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றியவள் நான். என்னை மேடையேற்றினால் இலக்கியம் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. என் வயிற்றில் வளர்ந்து, நான்கு ஆண்டுகளுக்கு முன் அறுவை சிகிச்சையால் நீக்கப்பட்ட ஒரு நீர்க்கட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். இதனைப் பொதுமேடையில் பேசலாமா என்று என் கணவர் தயங்கினார். பேசாமல் மறைத்ததனால்தான் எனக்கு ஓராண்டு வீணாயிற்று என்று அவருக்கு விடை கூறிவிட்டு வந்தேன்.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு, வயிறு சற்றே பருக்கத் தொடங்கியது. நடை குறைந்துவிட்டது, அதனால் தொந்தி என்று எண்ணிக்கொண்டேன். சிறிது உண்டாலும் வயிறு நிறைந்துவிடும். அடிவயிற்றில் ஏதோ இழுப்பது போன்ற வலி வந்து போகும். வாயு என்று நானே முடிவு செய்து, மாத்திரைகளை விழுங்கிக் காலம் கடத்தினேன். ஒரு நாள் என் மருமகள், "அத்தை, உங்கள் வயிறு ஒரு பக்கமாகத் தடித்திருக்கிறதே!" என்றாள். அன்றுதான் கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். கட்டி இருந்தது.

'கட்டி' என்னும் சொல் நம் மொழியில் பல பொருளைத் தாங்கி நிற்பது. நீர் நிறைந்ததும் கட்டி, சீழ் பிடித்ததும் கட்டி, கொழுப்புத் திரண்டதும் கட்டி, புற்றுநோயால் விளைந்ததும் கட்டி. நான்கிற்கும் ஒரே பெயர் இருப்பதனால், எதைக் கேட்டாலும் நாம் நான்காவதை நினைத்து நடுங்குகிறோம். நடுங்குகிறவர் மருத்துவரிடம் ஓடுவார் என்று எண்ணுவீர்கள். நான் ஓடவில்லை. தெரிந்துகொள்ள அஞ்சி, மேலும் இரண்டு மாதங்கள் வாய் திறவாதிருந்தேன்.

பின்னர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தோம். சூலகத்தில் தோன்றிய நீர்க்கட்டியாக இருக்கலாம் என்று அறிக்கை கூறியது. பெண்களின் அடிவயிற்றில் நீர்க்கட்டி தெரிந்தால் முதலில் அவ்வாறு ஐயுறுவது இயல்பே. நாங்கள் சென்ற ஒரு மருத்துவமனையில், "அறுவை வேண்டாம், ஊசியால் நீரை உறிஞ்சிவிடலாம்" என்றார்கள். கத்தி படாமல் தீர்ந்ததே என்று மகிழ்ந்தோம். இளமஞ்சள் நீர் வெளியேறியது, வயிறு தணிந்தது. ஐந்தாம் மாதம் கட்டி மீண்டும் பழைய அளவுக்கு வந்து நின்றது.

அதன் பின்னரே ஓர் அறுவை மருத்துவரைக் கண்டோம். அவர் ஸ்கேன் அறிக்கையைப் பார்ப்பதற்கு முன் என்னைப் படுக்கச் சொல்லி, வயிற்றில் கை வைத்தார். கட்டியை இடமும் வலமும் தள்ளினார், எளிதாக நகர்ந்தது. மேலும் கீழும் தள்ளினார், அவ்வளவாக நகரவில்லை. "அம்மா, இது சூலகத்துக் கட்டி அன்று என்று நினைக்கிறேன். குடலைத் தாங்கும் சவ்வில் வளர்ந்த கட்டியாக இருக்கலாம்" என்றார்.

அந்தச் சவ்விற்கு மருத்துவர்கள் மெசென்டெரி என்று பெயரிட்டுள்ளனர். தாய்மார்கள் புடவைக் கொசுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் செருகிய இடம் சிறிது; கீழே விரிந்த ஓரம் பெரிது. மெசென்டெரியும் அத்தகையதே. முதுகுப்புறத்தில் அது பற்றியிருக்கும் வேர்ப்பகுதி ஏறத்தாழ 15 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்கும் குறைவு. அதன் விரிந்த ஓரத்திலோ ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடல் தொங்குகிறது. கொசுவத்தின் மடிப்பு பக்கவாட்டில் அசையும். செருகிய இடத்தை விட்டு மேலும் கீழும் போகாது. அம்மடிப்பில் வளர்ந்த கட்டியும் அவ்வாறே அசைகிறது. இக்குறிக்குத் தில்லோ என்னும் பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயர் வழங்குகிறது. 1880ஆம் ஆண்டில் இத்தகைய கட்டியை முதன்முதலாக வெற்றியுடன் அகற்றியவர் அவரே என்பர். அதற்கும் முன்னர், ஃபிளாரன்ஸ் நகரத்து மருத்துவர் பெனிவியேனி, இறந்துபோன ஒரு சிறுவனின் உடலில் இதனைக் கண்டதாக 1507இல் வெளிவந்த நூலின்வழி அறிகிறோம்.

இந்நோய் மிக அரிது. மருத்துவமனையில் சேரும் பெரியவர்களில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேருக்கு ஒருவரிடம் காணப்படுகிறது என்று மருத்துவ நூல்கள் கூறும். ஏன் வருகிறது? நிணநீர்க் குழாய்களோடு சேராமல் தனித்து நின்றுவிட்ட திசுவில் நீர் தேங்கி வளர்வதே பெரும்பாலான கட்டிகளுக்குக் காரணம் என்று கருதப்படுகிறது. எதை உண்டேன், யார் கண் பட்டது என்று நான் வருந்திய இரவுகள் எல்லாம் வீண்.

சி.டி. ஸ்கேன் எடுத்தபோது மருத்துவர் ஐயுற்றது மெய்யாயிற்று. சூலகங்கள் இரண்டும் நலமாக இருந்தன. கட்டி குடலை ஒட்டி இருந்தது. அப்போது அவர் கேட்டார்: "முன்னர் ஊசி போட்டு உறிஞ்சினார்களே, அதற்கு முன் ஹைடாடிட் இல்லை என்று இரத்தப் பரிசோதனை செய்தார்களா?" செய்யவில்லை. நாயின் குடலில் வாழும் ஒரு வகை நாடாப்புழுவின் முட்டை நம் உடலில் புகுந்தால் உண்டாகும் நீர்க்கட்டிக்கே ஹைடாடிட் என்று பெயர். அதனைத் தக்க முன்னேற்பாடின்றிக் குத்தினால், உள்ளிருக்கும் நீர் சிந்தி, உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை நேரலாம். வயிறெங்கும் புதிய கட்டிகள் பரவலாம். எனக்கு இருந்தது அதுவன்று. ஆயினும், பார்வைக்கு ஒன்று போலத் தோன்றும் இரு நீர்க்கட்டிகளைப் பிரித்தறியாமல் ஊசி குத்தக் கூடாது என்பதை அன்று உணர்ந்தேன்.

உறிஞ்சிய நீர் ஏன் திரும்ப வந்தது என்று கேட்டேன். "பையை விட்டுவிட்டு நீரை மட்டும் எடுத்தால், பை மீண்டும் சுரக்கும். ஊற்றுக் கிணற்றை இறைத்தது போல" என்றார். ஆகவே பையை முழுமையாக அகற்றுவதே இதற்குரிய சிகிச்சை. பல வேளைகளில் கட்டியை மட்டும் தோண்டி எடுத்துவிடலாம். கட்டியும் குடலும் ஒரே இரத்தக் குழாய்களைப் பங்கிட்டுக்கொண்டிருந்தால், அப்பகுதிக் குடலையும் வெட்டி நீக்கி, முனைகளை இணைக்க வேண்டியிருக்கும். இன்று பலருக்குச் சிறு துளைகள் வழியே லேப்ராஸ்கோப்பி முறையில் செய்கிறார்கள். எனக்குக் கட்டி பெரிதாகி ஒட்டியிருந்ததனால் வயிற்றைத் திறந்தே செய்தார்கள். ஒரு சாண் அளவு குடலும் நீக்கப்பட்டது. அவ்வாறு நேரலாம் என்பதனை முன்னரே விளக்கி, என் ஒப்புதலைப் பெற்றிருந்தமையால் நான் கலங்கவில்லை.

அறுவையைக் காட்டிலும் அதற்குப் பின் வந்த பத்து நாட்களே எனக்கு நெடியவை. நீக்கிய பையை நோய்க்குறியியல் ஆய்வகத்திற்கு அனுப்பியிருந்தார்கள். ஸ்கேன் ஓரளவே கூறும். இறுதிச் சொல் நுண்ணோக்கியினுடையது. இவ்வகைக் கட்டிகளில் புற்றுத்தன்மை நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு என்று அறிந்திருந்தும், என் மனம் அந்த மூன்றிலேயே நின்றது. பதினோராம் நாள், 'நிணநீர் வகை நீர்க்கட்டி, புற்றுநோய் இல்லை' என்னும் அறிக்கை வந்தது. என் கணவர் அதனை மூன்று முறை உரக்கப் படித்தார்.

அன்புடையீர்! நான் கற்றவற்றைச் சுருக்கி உரைத்து அமர்கிறேன். வயிறு காரணமின்றிப் பருத்தாலோ, கையில் கட்டி தட்டுப்பட்டாலோ, விரைவில் வயிறு நிறைவதும் இழுக்கும் வலியும் தொடர்ந்தாலோ, மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டி இருந்துவரும் ஒருவருக்குத் திடீரெனக் கடும் வலியும் வாந்தியும் தோன்றினால், அது முறுக்கிக்கொண்டிருக்கலாம், உடைந்திருக்கலாம், குடலை அடைத்திருக்கலாம். அந்த நாழிகையே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சிறியதாய்த் தொல்லையின்றி இருப்பின், ஆராய்ந்தபின் கண்காணிக்க மட்டுமே மருத்துவர் சொல்வதும் உண்டு. அம்முடிவு அவருடையதாக இருக்கட்டும். ஊசியால் உறிஞ்சலாம் என்று எவரேனும் சொன்னால், "இது எவ்வகைக் கட்டி என்று உறுதியாயிற்றா? திரும்ப வாராதா?" என்று இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். நீக்கிய பகுதியின் ஆய்வறிக்கையைக் கேட்டுப் பெற்றுப் பாதுகாத்து வையுங்கள்.

இறுதியாக, இல்லத்தில் இருக்கும் ஆடவர்க்கும் இளையோர்க்கும் ஒரு வேண்டுகோள். என் தலைமுறைப் பெண்கள் தம் உடம்பின் துன்பத்தைத் தாமாகச் சொல்லமாட்டார்கள். என் மருமகள் என்னைக் கேட்டாள். அதனால் இன்று உங்கள் முன் நிற்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டில் கேளுங்கள்.