இயங்குவதும் இயக்குவதும்: ஒரு மகிழுந்துப் பழுதின் வினையிலக்கணம்



மொழி குறித்த உரையில் மகிழுந்துக்கு இடமேது என வினவலாம். நாம் எடுத்துக்கொண்ட பொருள் நம்மவர் பலரும் அறிந்த ஒரு பழுது: எண்ணெய் மிதியை அழுத்தினால் எஞ்சின் உறுமுகிறது, காடியோ வேகமெடுப்பதில்லை. இப்பழுதைக் கண்டறியத் துணைபுரியும் முதற்கருவி பொருத்தமான வினைச்சொல் என்பதே இவ்வுரையின் கருத்து.

பட்டறைக்குச் செல்வோர் பெரும்பாலும் 'கியர்பாக்ஸ் போய்விட்டது' என்கின்றனர். இது நிகழ்ந்ததைக் கூறும் தொடரன்று, தீர்ப்பு. கேட்பவர் அத்தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொண்டால், கம்பி ஒன்றைச் சரிசெய்வதோடு முடியவேண்டிய வேலை, காடியின் விலைமிக்க உறுப்புகளுள் ஒன்றை மாற்றுவதில் சென்று முடியக்கூடும். பெயர்ச்சொல் முந்திக்கொள்ளும்போது ஆராய்ச்சி நின்றுவிடுகிறது.

இனி வினைக்கு வருவோம். மரபிலக்கணம் தன்வினை, பிறவினை என்று பேசியதன் ஒரு பகுதியை, பேராசிரியர் கு. பரமசிவம் இயங்குவினை, இயக்குவினை என்னும் பெயர்களால் விளக்கினார். எழுவாய் தானே நிகழ்வுக்கு உள்ளாவது இயங்குவினை. பிறிதொன்றை நிகழ்வுக்கு உள்ளாக்குவது இயக்குவினை. சுழல் – சுழற்று, உருள் – உருட்டு, ஓடு – ஓட்டு என்பன எடுத்துக்காட்டுகள். நம் பழுதை இவ்விணைகளில் வைத்துப் பாருங்கள். எஞ்சின் சுழல்கிறது, சக்கரத்தைச் சுழற்றவில்லை. ஆகவே, குறை பெரும்பாலும் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே எங்கோ இருக்கிறது. ஒரே தொடரில் தேடும் பரப்பு பாதியாகிவிடுகிறது.

ஆயினும், 'எப்போது உறுமுகிறது?' என்னும் வினா எஞ்சியுள்ளது. நிற்கும்போது நன்கு உறுமி, ஓடும்போது உறுமவும் இயலாமல் திணறினால், அது வேறு நோய். எரிபொருள் வடிகட்டியோ காற்று வடிகட்டியோ புகைப்போக்கியோ அடைபட்டிருக்கலாம், எஞ்சினுக்கே வலுவில்லை. ஓடும்போதும் சுற்றுமானியின் முள் தாராளமாக ஏறி, வேகமானியின் முள் மட்டும் ஏறாவிட்டால்தான் அது நாம் பேசும் நோய். 'திணறுகிறது', 'நழுவுகிறது' என்னும் இரு வினைகள் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடுகின்றன.

கையால் கியர் மாற்றும் காடியில் நழுவுவது பெரும்பாலும் கிளட்ச். எஞ்சினோடு சுழலும் கனச்சக்கரத்துக்கும் அழுத்தத் தட்டுக்கும் இடையே ஓர் உராய்வுத் தட்டு இறுகப் பற்றியிருக்கிறது. அது தேய்ந்தாலோ, அதன்மேல் எண்ணெய் கசிந்தாலோ, கிளட்ச் கம்பி அளவுக்குமேல் இறுகியிருந்தாலோ பிடி தளரும். கணக்கு எளிது. ஒரு கியரில் நிமிடத்திற்கு 2,000 சுற்றில் மணிக்கு 60 கிலோமீட்டர் செல்லும் காடி, அதே கியரில் 3,000 சுற்றில் 90 கிலோமீட்டர் செல்லவேண்டும். சுற்று 3,000 ஆகியும் வேகம் 60இலேயே நின்றால், இடையில் பிடி நழுவுகிறது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுவது போன்ற ஏற்றத்தில், உயர்ந்த கியரில் செல்லும்போது இக்குறை முதலில் தலைகாட்டும். கருகிய நாற்றமும் வரலாம்.

தானியங்கிக் கியரில் விசையைக் கடத்துவதிலும் உள்ளுறுப்புகளை இறுக்கிப் பிடிப்பதிலும் எண்ணெய்க்குப் பங்குண்டு. அது குறைந்தால் பிடி தளரும்; D-யில் இட்டபின் காடி நகரத் தாமதிக்கும். எண்ணெய் கறுத்துக் கருகிய மணம் வீசினால், உள்ளே தேய்மானம் நிகழ்ந்திருக்க வாய்ப்புண்டு. குறைந்த எண்ணெயை நிரப்புவதோடு நில்லாமல், அது கசிந்த இடத்தையும் அடைக்கவேண்டும்.

காடி அறவே நகராமல் எஞ்சின் மட்டும் உறுமினால் 'நழுவுகிறது' என்பது பொருந்தாது. 'அறுந்தது' அல்லது 'கழன்றது' என்பதே பொருந்தும். முன்சக்கர இயக்கக் காடிகள் பலவற்றில், சக்கரத்துக்குச் செல்லும் இரு தண்டுகளுள் ஒன்று முறிந்தாலே போதும். விசை முழுதும் முறிந்த பக்கத்தில் வீணாகச் சுழன்று போகும். அந்நிலையில் நிற்கும் காடியின் வேகமானியும் வேகம் காட்டக்கூடும்.

இவற்றுக்கு மாறாக, பழுதே இல்லாத உறுமலும் உண்டு. சி.வி.டி. எனப்படும் படியில்லாக் கியர் அமைப்பில், மிதியை அழுத்தியவுடன் சுற்று உயர்ந்து நிற்க, வேகம் பின்னால் மெல்ல வந்து சேரும். அது அதன் இயல்பு. 'முன்பும் இப்படித்தானா, இப்போதுதானா?' என்னும் ஒரு கேள்வி வீண் செலவைத் தடுக்கும்.

இவ்வளவு கூறியும் கிளட்சுக்கு நாம் புதுச்சொல் எதுவும் ஆக்கவில்லை. ஆக்கப்பட்ட சொற்கள் ஏற்கெனவே உள்ளன. அவை வழக்கில் ஊன்றினால் மகிழ்வோம். ஆனால் நம் கலைச்சொல் தொகுதிகள் பெரிதும் பெயர்களின் தொகுதிகளாகவே உள்ளன. திணறு, நழுவு, தளர், உராய், கசி, கழல், இறுகு, தேய் ஆகிய வினைகளுக்கு அங்கே இடம் குறைவு. இவ்வினைகள் நம் வீட்டுத் தமிழிலேயே உயிரோடு இருக்கின்றன. பெயர்களைக் கடன் வாங்கிய மொழி தொழில் பேசமுடியும். வினைகளை இழந்த மொழியால் அது இயலாது.

தொழிற்கல்விக்குச் செல்லும் நம் மாணவர்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் உறுப்புகளின் பெயர்களைக் கற்கின்றனர், கற்கவும் வேண்டும். அவற்றோடு, நிகழ்வதை உற்றுநோக்கித் தமிழில் சொல்லும் பழக்கத்தையும் நாம் அவர்களுக்குத் தருதல் வேண்டும். 'ஏற்றத்தில், நான்காம் கியரில், முள் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை, கருகிய மணம் வருகிறது' என்று சொல்லக்கூடிய மாணவர், பழுதின் பாதியை அப்போதே கண்டுவிட்டார். எஞ்சிய பாதியைக் கருவிகள் காட்டும்.