மூதின்முல்லை முடிந்த இடம்



போர்மறவனின் இல்லத்தைப் பாடிய பழம்பாடல்களுள் ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூற்று 279ஆம் பாடல் தனிச்சிறப்புடையது. மூதின்முல்லைத் துறையில் அமைந்தது. நேற்றைய போரில் கணவனைப் பறிகொடுத்தவள், இன்று பறையொலி கேட்டதும் தன் ஒரே மகனுக்கு வெள்ளுடை உடுத்தி, குடுமிக்கு எண்ணெய் நீவி, வேல் கொடுத்துக் களத்திற்கு அனுப்புகிறாள்.

இதனை வீரத்தாயின் புகழ்ப்பாட்டாகவே மேடைதோறும் முழங்கி வருகிறோம். புலவரோ அவள் துணிவின் கடுமையைக் கண்டு திடுக்கிட்டே பாடலைத் தொடங்குகிறார். வேல் தந்த கையே எண்ணெயும் நீவியது என்பதை அவர் மறக்கவில்லை. மகனை அனுப்பியதோடு பாட்டு முடிகிறது. அவள் வீட்டினுள் திரும்பியது பாடப்படவில்லை.

அவ்வீடு இன்றும் இருக்கிறது. எல்லைப்புறப் பணியிடங்கள் பலவற்றிற்குக் குடும்பத்தை அழைத்துச் செல்ல இயலாது. இராணுவ வீரனின் மனைவி பிள்ளையின் காய்ச்சலையும் மாமியாரின் முதுமையையும் தனியே தாங்குகிறாள். விடுப்பில் வந்த தந்தையைக் கண்டு குழந்தை அவள் முந்தானையில் ஒளிகிறது. 1999 கார்கில் போரில் வீழ்ந்தோரின் உடல்கள் ஊர் திரும்பியபோது மாலைகள் குவிந்தன. கூட்டம் கலைந்தபின் ஓய்வூதியத் தாள்களோடு அலுவலகப் படியேறியவளை நம்முள் எத்தனை பேர் பாடினோம்?

அவளைத் தெய்வமாக்கினால் அழும் உரிமையும் அவளிடமிருந்து பறிபோகிறது. மகனின் சிதைந்த உடல் கண்ட தாயைப் பாடும் 278ஆம் பாடலின் துறைப்பெயர் உவகைக்கலுழ்ச்சி. கலுழ்ச்சி என்பது அழுகை. உவகையை மட்டும் எடுத்துக்கொண்டு கலுழ்ச்சியை நாம் விட்டுவிட்டோம்.

கவிஞர்களே, மாசாத்தியார் வாயிலில் நிறுத்திய பாட்டை வீட்டினுள் கொண்டு செல்லுங்கள்.