பழைய கூரையை இறக்கும் நாள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேராக்கில் கூரையைப் பற்றிப் பேச வந்தால் மழையைச் சொல்லாமல் இருக்க முடியாது. தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஈப்போவில் அவ்வளவு இல்லை. ஆனாலும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாலையில் கொட்டும் இடிமழை ஒன்று போதும், வீடு முழுக்கப் பாத்திரம் வைப்பதற்கு. அதனால்தான் தீபாவளிக்கு முன்பு கூரையை மாற்றிவிட வேண்டும் என்று பலரும் துடிக்கிறார்கள். புதிதாக எந்தத் தகடு போடலாம் என்று பத்துப் பேரிடம் கேட்கிறோம். பழையதை எப்படி இறக்குவது என்று மட்டும் யாரிடமும் கேட்பதில்லை.

தோட்டத்து லயங்களில் முதலில் அத்தாப்பு இருந்தது. பிறகு தகரம். அதன் பிறகு சாம்பல் நிறத்தில் நெளிநெளியாக ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுத் தகடு வந்தது. ஈப்போ தாசெக் வட்டாரத்திலேயே அதைச் செய்யும் ஆலை இருந்தது. தகரம் போல் துருப்பிடிக்காது, வெயிலில் அவ்வளவாகக் காயாது, மழை பெய்தால் பேச்சுக் கேட்கும். அன்றைக்கு அது வசதியான கூரைதான்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தில் சில தகடுகளை மாற்றினார்கள். மேலே இருந்தவர்கள் சுத்தியலால் தட்டி உடைத்து வீசினார்கள். கீழே நாங்கள் பிள்ளைகள் துண்டுகளைப் பொறுக்கி விளையாடினோம். அம்மா வெள்ளைத் தூளை விளக்குமாற்றால் கூட்டினார். மிச்சம் கோழிக்கூண்டுக்குப் போனது. யாரும் எதுவும் சொல்லவில்லை, சொல்வதற்கு யாருக்கும் தெரியவும் இல்லை.

இன்று தெரியும். அந்தத் தகட்டில் பெரும்பாலும் நூற்றுக்கு பத்து முதல் பதினைந்து பங்கு ஆஸ்பெஸ்டாஸ் நார். சிமெண்டுக்குள் கட்டுண்டு தலைக்கு மேல் கிடக்கும் வரை ஆபத்து குறைவு. உடைத்தாலோ, அறுத்தாலோ, பாசியைப் போக்க உயர் அழுத்தத் தண்ணீர் பாய்ச்சினாலோ கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கலந்து நுரையீரலில் போய்த் தங்கிவிடும். நோய் இருபது, முப்பது, நாற்பது ஆண்டு கழித்துத்தான் தலைகாட்டும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் நாட்டில் 1986-ஆம் ஆண்டு விதிமுறைகள் நீல வகையைத் தடுத்தன. ஆஸ்திரேலியா 2003 இறுதியில் எல்லா வகைக்கும் தடை போட்டது.

உங்கள் கூரை அந்த வகைதானா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத புதுத் தகடும் அதே தோற்றத்தில்தான் இருக்கும். வீடு பழையது, சோதித்துப் பார்க்கவில்லை என்றால், இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலை தெரிந்த குத்தகையாளரை அழைப்பதே நல்லது. "அரை நாளில் உடைத்துத் தள்ளிவிடுகிறேன்" என்று விலை குறைத்துச் சொல்பவரை அனுப்பி விடுங்கள். தகட்டைத் தண்ணீரால் மெதுவாக நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுசாகக் கீழே இறக்க வேண்டும். சாதாரணத் துணி முகமூடி இந்த நாரைத் தடுக்காது. பிள்ளைகளை அன்று பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். காய்ந்த தூளைக் கூட்டாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கழிவோடு பையில் கட்டிவிடுங்கள்.

நாரைவிட அவசரமான ஆபத்து ஒன்றும் உண்டு. பழைய தகடு ஆள் பாரம் தாங்காது. ஒழுகும் இடத்தில் தார் பூச ஏறும் வீட்டுக்காரர் தகடு உடைந்து நேராகச் சமையலறைத் தரையில் விழுவார். தகட்டின் மேல் காலே வைக்கக் கூடாது.

இறக்கிய தகட்டைத் தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி வையுங்கள். ஆற்றோரத்திலோ ரப்பர் காட்டிலோ கொட்டாதீர்கள், சேற்றுப் பாதைக்கு உடைத்துப் போடாதீர்கள். 2005-ஆம் ஆண்டின் கழிவு விதிமுறைகளில் ஆஸ்பெஸ்டாஸ் தூளும் நாரும் எஸ்.டபிள்யூ. 201 என்ற எண்ணில் அபாயக் கழிவாகவே பட்டியலிடப்பட்டன. எங்கே ஒப்படைப்பது என்று சுற்றுச்சூழல் இலாகாவிடம் வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள்.

புதுக் கூரையைப் பற்றி ஒன்றே ஒன்று. இரும்புத் தகடு இலேசானது, காற்று அதைச் சுலபமாகத் தூக்கும். விடியற்காலையில் அடிக்கும் சுமத்ரா காற்று எத்தனை கூரைகளைக் கொண்டு போயிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். திருகாணியை எண்ணிக் குறைக்காதீர்கள், கறையான் தின்ற கட்டையின் மேல் புதுத் தகட்டை அடிக்காதீர்கள்.

இன்னும் தோட்டத்திலேயே வேலை செய்து, நிர்வாகம் கொடுத்த வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தொழிலாளர் வீடுகளைப் பழுது பார்த்து வைப்பது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் சொல்கிறது. சொந்தக் காசைப் போட்டு நீங்களே கூரை ஏறுவதற்கு முன், நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் ஒரு கடிதம் கொடுங்கள். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.